மண்சுவரின் மேல் ஒரு ஜீப்புக் கூரை

வாசகரே, இந்த வாரம் உங்களை நான் கேட்பவராக அழைக்கவில்லை, சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு உங்களுக்கு இல்லை. கண்டதைக் கண்டபடி மனத்தில் நிறுத்திக்கொண்டால் போதும்.

நீங்கள் நிற்பது பாறசாலையிலிருந்து குன்னத்துகாலுக்குப் போகும் பாதையின் ஓரம், மரச்சீனிக் கிழங்கு பயிரிட்ட விளைகளுக்கு நடுவே ஒரு செம்மண் மேட்டில். மழை இன்னும் இறங்கவில்லை. ஆனால் வானம் கறுத்துக் கனத்திருக்கிறது. எதிரே நெஞ்சளவு உயர்ந்த மண்சுவர்கள். முன்னறைக்கு மேல் ஒன்றுமில்லை. பின்னறைக்கு மேல் ஓலையும் இல்லை, ஓடும் இல்லை. இரும்புத் தகட்டால் செய்த ஒரு ஜீப்பின் மேற்கூடு உட்கார்ந்திருக்கிறது. மங்கிய பச்சை நிறம். பக்கங்களில் கண்ணாடிச் சன்னல்கள். ஆட்கள் ஏறி இறங்க விடப்பட்ட பின்திறப்பில் ஒரு பழைய சேலை திரையாகத் தொங்குகிறது. சன்னல் இடுக்கு வழியாக அடுப்புப் புகை கசிகிறது. மரச்சீனி வேகும் மணம் உங்களை எட்டுகிறது.

சற்றுத் தள்ளி, தலையில்லாத ஜீப் நிற்கிறது.

இப்போது சொல்லுங்கள்: அங்கே நீங்கள் காண்பது ஒரு வாகனத்தின் உறுப்பா, ஒரு வீட்டின் கூரையா?

இது மேடை அலங்காரத்துக்காக எழுப்பிய கேள்வி அன்று. பல வருடங்களுக்கு முந்தைய அந்த முற்பகலில் ஓர் அரசு அதிகாரி அதே மேட்டில் நின்று இதே கேள்வியைக் கேட்டார். ‘கூரை’ என்பது விடையானால், செல்லம்மை என்ற விதவைக்குப் பத்து சென்ட் நிலம் உண்டு. ‘உறுப்பு’ என்பது விடையானால், அவருக்கு அந்த மேட்டில் கால் வைக்கவும் உரிமை இல்லை என்று நிலத்துக்காரரான பெரியவீட்டார் வாதிடத் தயாராக நின்றார்கள்.

மேடையாக இருந்த வண்டி

அந்த ஜீப் என் பெரியம்மையின் மூத்த மகன் நேசையன் அண்ணனுடையது. ராணுவத்தார் கழித்துவிட்ட வண்டியை ஏலத்தில் எடுத்து, காட்டாக்கடைப் பட்டறை ஒன்றில் அதன் உடலை நீட்டி, ஆட்களை ஏற்றும் வண்டியாக மாற்றியிருந்தார். மழைக்காக மேலே இரும்புச் சட்டமும் தகடும் கொண்ட ஒரு கூடு. அதைக் கூடு என்று எவரும் சொல்வதில்லை. ‘டாப்பு’ என்பதே பெயர்.

மழைக்காலம் முழுவதும் டாப்பு வண்டியின் மேல் இருக்கும். வெயில் ஏறத் தொடங்கியதும் இறங்கிவிடும். வேனலில் இரும்புக்குக் கீழே உட்கார்ந்தவர் அவிந்துபோவார் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் நான்.

தன்னடக்கம் நற்குணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உண்மையை மறைக்கும் அடக்கத்தை நான் நற்குணமாக எண்ணுவதில்லை. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே என் வயதில் என்னைப்போல் மேடையில் பேசக்கூடியவர் அப்போது வேறு எவருமில்லை. கல் உடைக்கும் பாறைமடையில் உளிகள் ஒலிக்கும் நேரமாகப் பார்த்துப் போய், அந்த ஓசைக்கு மேல் குரலை நிறுத்திப் பழகியவன் நான். கல்லூரி விவாதங்களில் எதிரணி சொல்லவிருக்கும் வாதத்தை அவர்களைவிட அழகாக நானே முதலில் சொல்லி, பிறகு உடைப்பேன்.

இன்னொரு திறமையும் உண்டு. ஒரே சொற்பொழிவைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பேன். இரண்டும் கூடும் இடம் கேட்பவருக்குத் தட்டுப்படாது. உண்மையைச் சொன்னால் இதில் பாதிப் பெருமை கேட்பவர்களுடையது. எங்கள் எல்லையில் ஒரே வீட்டில் சோறு கேட்பது ஒரு மொழியில், சண்டை மற்ற மொழியில்.

குடிகிடப்புக்காரருக்கு நிலம் என்ற சட்டம் வந்த புதிது அது. பிறர் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்தவர்கள், அந்தக் குடிசையைச் சுற்றிப் பத்து சென்டைத் தம்முடையதாக்கிக்கொள்ளலாம் என்ற செய்தி ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. டாப்பு இல்லாத ஜீப்பில், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், முன்கண்ணாடியின் சட்டத்தை ஒரு கையால் பற்றி நின்று நான் பேசுவேன். குழாய் ஒலிபெருக்கி முன்னே கட்டியிருக்கும். மண்ணைத் தொடாமல், கூரையில் தலை இடிக்காமல், போகும் ஊரெல்லாம் கூடவே வரும் ஒரு மேடை. அதைவிடச் சிறந்த மேடையை நான் பின்னாளிலும் கண்டதில்லை.

கழற்றுவதும் ஏற்றுவதும்

டாப்பைக் கழற்றுவது ஒரு சிறு சடங்கு. முதலில் பின்கதவு. அடுத்து முன்கண்ணாடிச் சட்டத்தோடு கூட்டைப் பிணைக்கும் போல்ட்டுகள். கடைசியில் பக்கவாட்டுப் போல்ட்டுகள். தண்ணீர் கசியாமலிருக்க, சைக்கிள் டியூபைக் கிழித்து இடையே வைத்திருப்பார் அண்ணன்; ஒரு மழைக்காலம் அமுங்கிக் கிடந்ததில் அது இரும்போடு ஒட்டிப் போயிருக்கும். அதைக் கத்தியால் கீறிப் பிரித்தபின் மூலைக்கு இருவராக நின்று தூக்க வேண்டும்.

“எலே, மூச்சப் புடிச்சு நேரே மேல! ஒருத்தன் முந்தினா டாப்பு கோணும். பிந்தினா எனக்க நடு கோணும்” என்பார் அண்ணன்.

நான் ஒரு மூலையில் நிற்பேன். என்னைப் பார்த்துத் தனியாக ஒரு வார்த்தை உண்டு: “பிரசங்கியாரே, வாயால தூக்காத. கையால தூக்கு.”

திரும்ப ஏற்றுவது இதைவிடக் கடினம். வெயிலில் கிடந்த இரும்பு கொஞ்சம் வளைந்திருக்கும். வண்டியின் துளைக்கு நேரே டாப்பின் துளை ஒரு வருடமும் தானாக வந்து நின்றதில்லை. அப்போது அண்ணன் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு சிறு கடப்பாரையை எடுப்பார். கூர்முனையை ஒரு துளைக்குள் விட்டு நெம்புவார். அடுத்த துளை நேர்படும் கணத்தில், அங்கே தயாராக நிற்கும் அவர் தம்பி ஸ்டீபன் போல்ட்டைச் செலுத்திவிட வேண்டும். எல்லாம் தளர்வாக ஏறிய பிறகுதான் ஒவ்வொன்றாக முறுக்குவார்கள். வருடந்தோறும் இதே முறை. வருடந்தோறும் இதே வசவு.

அந்த வருடம் அண்ணனின் முற்றத்தில் கிணறு வெட்டிய மண் குவிந்து கிடந்தது. ஆகவே டாப்பைப் பக்கத்து மேட்டில், செல்லம்மை அக்காவின் முற்றத்தில் இறக்கி வைத்தோம்.

ஓலை இறங்கிய நாள்

செல்லம்மை அக்கா முந்திரி ஆலையில் — எங்கள் பேச்சில் அண்டி ஆபீசில் — கொட்டையின் தோடு உடைப்பவர். தோட்டு எண்ணெய் பட்டு விரல்கள் எப்போதும் கறுத்திருக்கும். திருமணமாகி அந்தக் குடிசைக்கு வந்தவர். கணவர் இறந்தபின்னும் அங்கேயே இருந்தார். நிலம் பெரியவீட்டாருடையது. வருடந்தோறும் மழைக்கு முன் கூரை மேய ஓலை கொடுப்பதும் பெரியவீடுதான். அதில் ஒரு கண்ணியம் இருந்தது. அதை மறுப்பது நியாயமன்று.

கூரை மேய்வதற்கு எங்கள் பக்கத்தில் எழுதப்படாத ஒரு முறை உண்டு. ஒரு வீட்டின் கூரையை இறக்கியவர்கள், அன்றே விளக்கு வைக்குமுன் அதன் மேல் கூரை ஏற்றிவிட வேண்டும். ஏற்றும் வரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அண்டை வீட்டார் கஞ்சி கொடுத்தனுப்புவார்கள். இந்த முறையை எவரும் எவருக்கும் கற்பித்ததாக எனக்கு நினைவில்லை. மீறியவர் என்று ஒருவரையும் நான் அதுவரை கேள்விப்பட்டதுமில்லை.

பெரியவீட்டுக் காரியஸ்தர் வேலாயுதன் அந்த வருடமும் ஆட்களோடு வந்தார். குடையை மடக்கி ஊன்றி நின்று, மிக மரியாதையாகப் பேசினார். பழைய ஓலையை இறக்கச் சொன்னார். மூங்கில் கழிகளும் இறங்கின. எல்லாவற்றையும் கட்டை வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

“புது ஓலை பின்னால வருது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வரவில்லை. ஊரில் விளக்குகள் ஏற்றப்பட்டன; செல்லம்மை அக்கா திறந்த சுவர்களுக்கு நடுவே பாய் விரித்தார். மறுநாள் போய்க் கேட்டபோது, ஓலை முடைய ஆள் இல்லை, அடுத்த வாரம் பார்ப்போம் என்று பதில் கிடைத்தது. பத்து சென்டுக்கு அக்கா கொடுத்த மனுவின்மேல் அடுத்த வாரம் நிலத்தைப் பார்வையிட அதிகாரி வருகிறார் என்பதைக் காரியஸ்தரும் அறிவார், நாங்களும் அறிவோம். வீடு இல்லாத மேட்டில் குடியிருப்பு ஏது?

நான் அக்காவிடம் சட்டத்தை விளக்கினேன். கூரை போனதால் மட்டும் உரிமை போய்விடாது என்று எடுத்துரைத்தேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“சட்டம் கடலாசுல இருக்கு மக்கா” என்றார். “எனக்க தலைக்கு மேல இல்லியே.”

சுற்றியுள்ள தென்னந்தோப்புகள் எல்லாம் பெரியவீட்டுடையவை. வெளியே கிடைத்த ஓலையெல்லாம் ஏற்கெனவே ஊரார் கூரைகளில் ஏறிவிட்டது. எல்லோரும் பேசி முடித்த நேரத்தில் நேசையன் அண்ணன், தன் டாப்பின் மேல் சாய்ந்தபடியே, “இந்தச் சாதனம் சும்மாதானே கெடக்குது” என்றார்.

பின்னறைச் சுவர்களின் மேல் அதை ஏற்றினோம். மூலைகளில் கொஞ்சம் தட்டிச் சரி செய்ததும் பொருந்தி உட்கார்ந்தது. அதன்பின் எங்கள் ஆட்கள், ஓலைக்குச் செய்யும் பழக்கத்தில், அதன் குறுக்கே கயிறு போட்டு இறுக்கினார்கள். காற்று தூக்கிவிடக் கூடாது என்று வெட்டுக்கல்லைச் சுமந்து வந்து நடுவில் வைத்தார்கள்.

அண்ணன் பதறினார். “எலே மடையன்மாரே, இது ஓலை இல்ல, இரும்பாக்கும்! இது பறக்குமா?”

“பறக்காது அண்ணா, பறக்காது” என்று தலையசைத்துக்கொண்டே இன்னொரு கல்லை வைத்தார்கள்.

தந்தி

இந்த இடத்தில் ஸ்டீபனைப் பற்றிச் சில வார்த்தைகள். நேசையன் அண்ணனின் தம்பி, என் வயதுக்காரன், பள்ளியில் ஒரே பெஞ்சு. நான் பேசிய விவாதங்களிலெல்லாம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பான். எது நல்ல வாதம் என்று கேட்டால், “நீ நடுவில ஒரு கிளாசு வெள்ளம் குடிச்சது நல்லா இருந்தது” என்பான்.

அவன் வெல்டிங் கற்று வளைகுடாவுக்குப் போகக் காத்திருந்தான். அந்நாளில் எங்கள் ஊர்களில் வளைகுடாவுக்குப் போகிறவனுக்கு நடந்த சிறப்பு மாப்பிள்ளைக்கும் நடக்கவில்லை. நெய்யாற்றின்கரையில் தைத்த புதுக் கால்சட்டை. ஸ்டுடியோவில் ஒரு படம். கயிற்றால் வரிந்து கட்டிய பெட்டி. அதன்மேல் வெள்ளை எழுத்தில் பெயர். வீட்டில் ஜெபம். பிறகு ஜீப்பில் திருவனந்தபுரம் ரயிலடி வரை கூட்டமாகப் பயணம். அந்தப் பயணங்களில் பெரும்பாலானவை நேசையன் அண்ணனின் வண்டியில்தான். ஊரார் தம்பிகளையெல்லாம் டாப்புக்குக் கீழே நனையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்.

பம்பாயிலிருந்து ஸ்டீபனுக்குத் தந்தி வந்தது. உடனே புறப்பட வேண்டும். கிடைத்த ரயிலோ, அதிகாரி மேட்டைப் பார்வையிட வரும் அதே நாள் மாலையில். மழையும் அன்றுதான் இறங்கும் என்று வானம் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று காலையில் அண்ணன் ஜீப்பை மேட்டுக்கு ஏற்றி நிறுத்திவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்தார். அக்கா அடுப்பில் மரச்சீனி வேகவைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, தம்பி இன்னிக்குப் போறான்.”

“அறிஞ்சேன் மக்கா. எடுத்துக்கோ.”

“எப்பிடி எடுக்கியது? அதிகாரி வந்துட்டுப் போகட்டும்.”

“அதிகாரி மத்தியானம் வந்தா? வைகுந்நேரம் வந்தா? ஒனக்க தம்பிக்க ரயிலு நிக்குமா?”

அண்ணன் முன்சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்தார். அதில் காற்றுக்கு ஒரு குறையும் இல்லை.

கேள்வி

அதிகாரி முற்பகலிலேயே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, தடித்த கண்ணாடி. கூடவே காரியஸ்தர், குடையோடு. இப்போது, வாசகரே, நீங்கள் முதலில் கண்ட இடத்துக்கு வந்துவிட்டோம்.

அதிகாரி புகையைப் பார்த்தார். சேலைத் திரையைப் பார்த்தார். சன்னலைத் தட்டிப் பார்த்தார்.

“இது வண்டியா, வீடா?” என்றார்.

காரியஸ்தர் முந்திக்கொண்டார். “வண்டியாக்கும் சாரே. இந்தா நிக்குதே, அதுக்க டாப்பு. இன்னிக்கு வைப்பாவ, நாளைக்கு எடுப்பாவ. இது கூரைன்னா, எனக்க குடையும் கூரை தான்.”

அது நல்ல வாதம். எதிரியின் வாதம் நன்றாக இருந்தால் அதை ஒப்புக்கொள்வது என் பழக்கம்.

நான் முன்னே வந்தேன். ஒரு பொருளின் பெயரை அதன் பிறப்பு முடிவு செய்வதில்லை, அதன் தொழிலே முடிவு செய்கிறது என்று தொடங்கினேன். தென்னையில் இருக்கும் வரை ஓலை மரத்தின் உறுப்பு. சுவரின் மேல் ஏறினால் கூரை. மரத்திலிருந்து வந்தது கூரையாகலாம் என்றால், வண்டியிலிருந்து வந்தது ஏன் ஆகக் கூடாது? மழையைத் தடுப்பது எதுவோ, அதன் கீழ் அடுப்பு எரிவது எதுவோ, அதன் கீழ் ஒரு பெண் கண்ணயர்வது எதுவோ, அதற்குப் பெயர் கூரை. இவ்வாறு தமிழில் எழுந்து மலையாளத்தில் உச்சத்தைத் தொட்டேன். வேலியோரம் நின்றவர்கள் கைதட்டினார்கள். என் சிறந்த பேச்சுகளில் அதற்கு இடமுண்டு.

அதிகாரி முழுவதையும் கேட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“பிரசங்கம் கொள்ளாம், நல்லாருக்கு. ஆனா அந்த ஆள் சொல்றதுலயும் காரியம் உண்டு.”

காரியஸ்தர் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார். “சாரே, பேச்சு எதுக்கு? வண்டி நிக்குது, டாப்பு இருக்கு. தூக்கி வைச்சுக் காட்டட்டும். பொருந்திச்சுன்னா வண்டிக்க சாதனம். பொருந்தல்லேன்னா வீட்டுக்க சாதனம்.”

அதிகாரி யோசித்தார். பிறகு, “இறக்கு” என்றார்.

பொருந்துமா?

செல்லம்மை அக்கா பானையை வெளியே எடுத்து வைத்தார். அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தார். கூரை இறங்குமுன் தீ இருக்கக் கூடாது அல்லவா? பிறகு சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

கற்கள் இறங்கின. கயிறுகள் அவிழ்ந்தன. மூலைக்கு இருவராகத் தூக்கி, ஜீப்பின் மேல் வைத்தோம். கற்கள் இருந்த இடத்தில் தகடு குழிந்திருந்தது. அடுப்புக்கு நேராகப் பச்சைநிறம் பொரிந்து கறுத்திருந்தது.

முன்பக்கத்துப் போல்ட்டுகளை அண்ணன் கையாலேயே ஏற்றிவிட்டார். காரியஸ்தரின் முகம் மலர்ந்தது. பக்கவாட்டில்தான் நின்றது. வண்டியின் துளைக்கு மேல் டாப்பின் துளை பாதி மட்டும் தெரிந்தது, பிறைபோல.

அடுத்து என்ன நடக்கும் என்பது அந்தக் கூட்டத்தில் மூவருக்குத் தெரியும்: அண்ணனுக்கு, ஸ்டீபனுக்கு, எனக்கு. அண்ணனின் கை இருக்கைக்கு அடியில் போகும். கடப்பாரை வரும். ஒரு நெம்பு. ஸ்டீபன் போல்ட்டைச் செலுத்துவான். தம்பி நனையாமல் ரயிலடிக்குப் போவான். அக்கா பத்து சென்டை இழப்பார்.

ஸ்டீபன் வழக்கமான இடத்தில்தான் நின்றான், விரல்களுக்கிடையே போல்ட்டோடு. புதுச் சட்டை அணிந்திருந்தான். அண்ணன் அவனைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்ல இயலாது. அதிகாரி ஒருமுறை இருமி முடித்தார்.

ஸ்டீபன் போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“ஏறல்ல சாரே” என்றார் அண்ணன்.

“நெம்பிப் பாரு!” என்று கத்தினார் காரியஸ்தர்.

“நெம்பினா எதுதான் ஏறாது காரியஸ்தரே? உங்களை நெம்பினா நீங்களும் தெங்கு ஏறுவிய.”

வேலியோரம் சிரிப்பு எழுந்தது. காரியஸ்தர் அதிகாரி பக்கம் திரும்பினார். “சாரே, இது சதியாக்கும். மேல கல்லு வச்சு வளைச்சுட்டாவ. அதனால ஏறல்ல.”

அதிகாரி தகட்டின் குழியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“கல்லு எதுக்கு மேல வைப்பாவ? வண்டிக்கு மேலயா, வீட்டுப் புரைக்கு மேலயா?”

காரியஸ்தர் குடையை மாற்றி ஊன்றினார். எனக்குப் பேச வேண்டியிருக்கவில்லை.

“வீடு உண்டு. அடுப்பு உண்டு. ஆளும் உண்டு” என்று உரக்கச் சொல்லிவிட்டு அதிகாரி புறப்படத் திரும்பினார். அப்போது செல்லம்மை அக்கா சுவரோரத்திலிருந்து வந்து வழியில் நின்றார்.

“சாரே, போகாதீங்க.”

“இனி என்ன?”

“கூரையை இறக்கச் சொன்னது நீங்க. இறக்கினவிய ஏத்தாம போகக் கூடாது. இங்கத்த முறையாக்கும்.”

சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவும் இல்லை. நான் அறிவேன், அதிகாரியும் அறிவார். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் செருகினார். செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு மூலைக்கு வந்தார்.

“எனக்க வீட்டுலயும் ஓலைதான் இருந்தது” என்றார், எவரையும் பார்க்காமல். பிறகு காரியஸ்தரைப் பார்த்து, “நிங்ஙளும் பிடி” என்றார்.

காரியஸ்தர் பிடித்தார். ஒரு கையில் குடை, மறு கையில் டாப்பு.

“எலே, மூச்சப் புடிச்சு நேரே மேல!” என்றார் அண்ணன். அதிகாரியையும் சேர்த்துத்தான் சொன்னார். மாற்றிச் சொல்ல அவருக்குத் தெரியாது.

டாப்பு மீண்டும் மண்சுவரின் மேல் அமர்ந்தது. அக்கா அடுப்பை மூட்டினார். பாதி வெந்த மரச்சீனி மீண்டும் அடுப்பேறியது. யாரோ பழக்கத்தில் ஒரு வெட்டுக்கல்லைச் சுமந்து வந்தார். இம்முறை அண்ணன் தடுக்கவில்லை.

ரயிலடி

புறப்படும் முன் வீட்டில் ஜெபம் நடந்தது. ஊரறிய ‘ஏறல்ல’ என்று சொல்லிவிட்ட டாப்பை இனி வண்டியில் ஏற்ற வழியில்லை. பெட்டியைத் தார்ப்பாயால் மூடிக் கட்டினோம்; ஆட்களை மூடத் தார்ப்பாய் போதவில்லை. வழக்கமாக ஒரு கூட்டம் ஏறும் வண்டியில் அன்று அண்ணனும் ஸ்டீபனும் நானும் மட்டுமே. வானத்தைப் பார்த்துவிட்டு உறவினர்கள் வீட்டு வாசலிலேயே விடை கொடுத்தார்கள்.

நெய்யாற்றின்கரை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருடத்தின் முதல் மழை. மண் மணமும் சூடான என்ஜின் மணமும் சேர்ந்து எழுந்தன. சாலையோரத்துக் கடைகளில் ஒதுங்கி நின்றவர்கள், திறந்த ஜீப்பில் புதுக் கால்சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்து நனையும் ஒருவனைப் பார்த்துச் சிரித்தார்கள். ஸ்டீபன் அவர்களுக்குக் கை காட்டினான்.

ரயிலடியில் அவன் சட்டையைக் கழற்றிப் பிழிந்து மறுபடி அணிந்தான். தலையைத் துவட்ட என் துண்டைக் கொடுத்தேன், அதுவும் நனைந்திருந்தது. அண்ணன் பெட்டியை உள்ளே ஏற்றிவிட்டு, இருக்கைக்கு அடியில் அது சரியாக நிற்கிறதா என்று மீண்டும் மீண்டும் தள்ளிப் பார்த்தார். தம்பியிடம் அவர் சொன்னதெல்லாம் இரண்டே சொற்கள்: “பாத்துப் போ.”

ஸ்டீபன் வாசற்கம்பியைப் பிடித்து நின்றான். மயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“எலே, காலைல நீ பிரசங்கிச்சது எனக்கு ஒண்ணும் மனசிலாகல்ல” என்றான்.

“எந்த இடம் மனசிலாகல்ல?”

“முழுசும்.” சிரித்தான். பிறகு அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. “அந்த டாப்பு இனி அங்கேருந்து இறங்குமாடே? அடுத்த வருசமும் காரியஸ்தன் ஓலை தராம இருந்தா? அண்ணன் மழைக்காலம் பூரா சவாரி இல்லாம என்ன செய்யும்? நீ பேசிட்டுப் போயிருவ. அக்கா அந்த இரும்புக்க அடில வெந்து கெடக்கணும்.”

அவன் விவாதம் செய்யவில்லை, கேட்டான். ரயில் மெல்ல நகரத் தொடங்கியது. நான் அதன் கூடவே நடந்தேன். பாறைமடையில் பழகிய குரலை ஒரே ஒரு கேட்பவனுக்காக எழுப்பினேன். நடைமேடையில் நின்ற போர்ட்டர்களும், மகனை அனுப்ப வந்த யாரோ ஒரு தாயும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களும் சாட்சிகளே.

“ஸ்டீபா, கேட்டுக்கோ! நீ திரும்பி வாற அன்னிக்கு அக்காவுக்க வீட்டுக்கு ஓலையும் இருக்கும், அண்ணனுக்க வண்டிக்கு டாப்பும் இருக்கும். ரெண்டுல ஒண்ணு இல்லேன்னா ஒன்னைக் கூப்பிட ஜீப்பு வராது. குன்னத்துகாலுலேருந்து நான் நடந்து வருவேன். ஒனக்க பெட்டியை எனக்க தலைல வச்சு, ஊர் முழுக்கப் பாக்க, நான் சுமந்துகொண்டு போவேன்!”